படகெலும்பு உடைந்த கை: மணிக்கட்டுச் சத்திரசிகிச்சை எத்தனை வருடம் தாங்கும்?

மாமாவின் வலது மணிக்கட்டு சுனாமியன்று உடைந்தது. உடைந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவந்தது 18 வருடம் கழித்து.

2004 டிசம்பர் 26 காலையில் திருகோணமலை உப்புவெளிக் கரையிலிருந்து ஓடிவரும்போது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். அன்றைக்கு யார் மணிக்கட்டைப் பார்த்தது? பிறகு வீக்கம் வற்றாததால் முறிவு நெரிவுக்கு எண்ணெய் போட்டுக் கட்டுகிற ஒருவரிடம் காட்டினார். ஒன்றரை மாதத்தில் வீக்கம் வற்றியது. திரும்பவும் கடலுக்குப் போனார். எஞ்சின் கயிறு இழுத்தார், வலை இழுத்தார், ஐஸ் பெட்டி தூக்கினார். பத்துப் பன்னிரண்டு வருடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் விடியப்புறத்தில் கை உளைகிறது என்று சொல்லத் தொடங்கினார். வாதம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். கன்னியாவுக்குப் போய் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் மாறி மாறி அள்ளி ஊற்றினார். சூடு பட்டால் இரண்டு மணித்தியாலம் சுகம், பிறகு பழைய கதைதான்.

கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு வைத்தியர் பேனை நுனியால் ஒரு சின்ன எலும்பைக் காட்டினார். இரண்டு துண்டு, நடுவில் கறுப்புக் கோடு. "இது இப்ப உடைஞ்சதில்லை ஐயா. எப்பவோ உடைஞ்சு, பொருந்தாமலே கிடந்திருக்கு. அதாலதான் பக்கத்து மூட்டெல்லாம் தேய்ஞ்சுபோச்சு" என்றார். நரம்பை மட்டும் வெட்டலாம், மணிக்கட்டைப் பாதி ஒட்டலாம், முழுக்க ஒட்டலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்த மாமா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "செய்தா எவ்வளவு காலம் தாங்கும் தம்பி?"

நான் வைத்தியனில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி வாசித்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

மணிக்கட்டை ஒரு மூட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது 8 சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு கூட்டம். முன்கையின் ஆரை எலும்பின்மேல் முதல் வரிசை உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல் இரண்டாவது வரிசை. கட்டைவிரல் பக்கத்தில் இரண்டு வரிசையையும் இணைத்துக் கிடப்பது படகெலும்பு. குடைந்த ஓடம் போன்ற வடிவம், அதனால் அந்தப் பெயர். கிரேக்க மொழியிலும் அதற்கு ஓடத்தின் பெயர்தான். அதற்குப் பக்கத்தில் பிறையெலும்பு. பிறையின் குழிவுக்குள் உருண்டைத் தலையோடு உட்கார்ந்திருப்பது கையின் நடு எலும்பு.

இதில் வில்லங்கம் பிடித்தது படகெலும்புதான். அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையால் நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. அந்த எலும்பு நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் குறைந்துபோகும். போதாததற்கு, உடைந்த அன்றே எடுக்கும் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். கட்டைவிரலை விறைப்பாக நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி விழும். விழுந்தெழும்பியவருக்கு அந்தக் குழியில் அழுத்தும்போது நோகிறது என்றால், எக்ஸ்ரே நல்லதாக இருந்தாலும் பிளாஸ்டர் போட்டு 10, 14 நாளில் திரும்ப எடுத்துப் பார்ப்பது வழக்கம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பது அந்த இரண்டு கிழமையைத்தான் வீணாக்குகிறது.

பொருந்தாத படகெலும்பு உடனே தண்டனை தராது. மெல்ல மெல்ல வரிசை குலைந்து, குருத்தெலும்பு ஓர் ஒழுங்கில் தேய்கிறது. முதலில் படகெலும்பும் ஆரையும் உரசும் இடம், பிறகு இரண்டு வரிசைக்கும் நடுவே நடு எலும்பின் தலை. படகெலும்பையும் பிறையெலும்பையும் கட்டிவைத்திருக்கும் இணைநார் அறுந்தாலும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் தேயும். 1984இல் வாட்சன், பல்லெட் என்ற இருவர் ஏராளமான எக்ஸ்ரேக்களைப் பார்த்து இந்த ஒழுங்கை எழுதிவைத்தார்கள். அவர்கள் கண்டதில் இன்னொன்றும் முக்கியம்: பிறையெலும்புக்கும் ஆரைக்கும் இடையிலான மூட்டு பெரும்பாலும் கடைசிவரை தப்பிவிடுகிறது. அசைவைக் கொஞ்சமாவது காப்பாற்றும் சத்திரசிகிச்சைகள் அந்தத் தப்பிய மூட்டை நம்பித்தான் செய்யப்படுகின்றன.

முடக்குவாதம் வேறு சாதி. அது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உறையைத் தாக்குவதால் வருவது. பெண்களுக்குக் கூடுதலாக வரும், பெரும்பாலும் இரண்டு கையிலும் வரும், மணிக்கட்டுக்குள் பிறை-ஆரை மூட்டையும் விட்டுவைக்காது. 1980களில் மெத்தோட்ரெக்சேட் வழக்கத்துக்கு வந்த பிறகும், 1990களின் கடைசியில் உயிரியல் மருந்துகள் வந்த பிறகும், கை சத்திரசிகிச்சை வரை போகிற முடக்குவாத நோயாளர் குறைந்துவிட்டார்கள். (மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற குளிசை. நாளாந்தம் போட்டு ஆபத்தில் மாட்டியவர்கள் உலகமெங்கும் உண்டு, வீட்டில் யாராவது எடுக்கிறார்கள் என்றால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) இவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரு நாள் திடீரென்று சின்ன விரல் நிமிராமல் தொங்கினால் அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்கக் கூடாது. மணிக்கட்டின் ஓரத்தில் துருத்திய எலும்பு உரசி, விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம். பொறுத்தால் அடுத்த விரலின் நாணும் அறும்.

சரி, சத்திரசிகிச்சைக்கு வருவோம். இவை எதுவும் பழைய கையைத் திருப்பித் தருவதில்லை. நடப்பது ஒரு பண்டமாற்று: அசைவில் ஒரு பங்கைக் கொடுத்து நோவில்லாத கையை வாங்குகிறோம். எவ்வளவு கொடுக்கிறோம், வாங்கியது எத்தனை வருடம் நிற்கும், நிற்காவிட்டால் அடுத்து என்ன வழி என்பதுதான் கணக்கு.

ஆகக் குறைவாகக் கொடுப்பது நரம்பு வெட்டும் முறை. மணிக்கட்டின் நோவை மட்டும் ஏற்றிச்செல்லும் மெல்லிய நரம்பு முனைகளை வெட்டிவிடுவார்கள். விரலும் அசையும், தோலும் உணரும். 1966இல் வில்ஹெல்ம் என்ற ஜெர்மானியர் எழுதிய முறை இது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். முதலில் அந்த நரம்புகளைச் சுற்றி விறைப்பு ஊசி போட்டுப் பார்ப்பார்கள், நோவு குறைந்தால் வெட்டிப் பயன் உண்டு என்று ஓர் ஊகம். தேய்வு அப்படியே தொடரும், சிலருக்குச் சில வருடத்தில் நோவு திரும்பி வரும். ஆனால் பிறகு செய்யக்கூடிய எதையும் இது கெடுப்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இதற்கு இன்னும் கூடுதல் மதிப்புக் கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது கேட்டால் நம்ப முடியாதது: முதல் வரிசையில் மூன்று எலும்புகளை, படகு, பிறை, அதற்கடுத்தது, முழுக்க எடுத்து எறிந்துவிடுவது. நடு எலும்பின் தலை கீழே இறங்கி, பிறை உட்கார்ந்திருந்த குழியில் நேரே ஆரைமேல் உட்கார்ந்துகொள்ளும். 1944இல் ஸ்டாம் என்ற பிரித்தானிய நிபுணர் எழுதினார். அந்தத் தலையும் அந்தக் குழியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை அல்ல, தலை சிறிது, குழி அகலம். சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள்.

நடந்தது என்ன? அமெரிக்காவின் சின்சினாட்டியில் இப்படிச் செய்துகொண்ட 22 மணிக்கட்டுகளைக் குறைந்தது 10 வருடம் கழித்துப் பார்த்து 2004இல் எழுதினார்கள். நான்கு தோற்று, முழுக்க ஒட்டவேண்டி வந்திருந்தது. நான்குமே சத்திரசிகிச்சையின்போது 35 வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்களுடையவை. மிஞ்சியவர்களுக்கு மேலும் கீழுமாகச் சராசரி 72 பாகை அசைவு, மற்றக் கையின் 91 சதவீதப் பிடிப்பலம். 2013இல் அதே இடத்திலிருந்து இன்னொரு கணக்கு வந்தது, இம்முறை குறைந்தது 20 வருடம் கழித்து. 17 மணிக்கட்டில் 11 வேறு சத்திரசிகிச்சை இல்லாமல் நின்றிருந்தன, 65 சதவீதம். தோற்ற ஆறும் சராசரியாக 11 வருடத்தில் தோற்றிருந்தன. 40 வயதுக்குட்பட்டவர்களுக்கே கூடுதல் ஆபத்து. எக்ஸ்ரேயில் பெரும்பாலானோருக்குத் தேய்வு இருந்தது, ஆனால் படத்தில் தெரிந்த தேய்வுக்கும் ஆளுக்கு இருந்த நோவுக்கும் பெரிய தொடர்பில்லை.

இந்த எண்ணிக்கைகள் எவ்வளவு சிறியவை என்று கவனித்திருப்பீர்கள். 17 கை. இடுப்பு, முழங்கால் என்றால் பல்லாயிரக்கணக்கில் பதிவேடுகள் உண்டு. மணிக்கட்டில் 20 வருடம் பின்தொடர்ந்த கணக்கு என்றால் ஒரு வகுப்பறை நிரம்பாது. அதற்குள்ளும் வீடு மாறியவர், இறந்தவர், கோபித்துக்கொண்டு வேறு வைத்தியரிடம் போனவர் எல்லாம் கணக்கில் இருந்து நழுவிவிடுகிறார்கள். ஆகவே "65 சதவீதம்" என்று கேட்டால் ஒரு திசையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். திசை தெளிவு: நடு வயதைத் தாண்டியவருக்கு நன்றாக நிற்கிறது, இளவயதில் பாரவேலை செய்பவருக்கு நிச்சயமில்லை.

மாமாவுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. நடு எலும்பின் தலையும் தேய்ந்திருந்தது. தேய்ந்த தலையைக் கொண்டுபோய்ப் புது மூட்டாக வைக்க முடியாதே.

அவருக்குச் சொன்ன "பாதி ஒட்டுவது" இதுதான்: படகெலும்பை எடுத்துவிட்டு, மிச்சத்தில் பிறை உட்பட நான்கு எலும்புகளை ஒன்றாக ஒட்டி ஒரே கட்டையாக்குவது. தப்பிய அந்தப் பிறை-ஆரை மூட்டில் மட்டும் கை அசையும். அசைவு மற்றக் கையின் பாதியளவு, பிடி ஓரளவு நல்லது. எலும்பு எடுக்கும் முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் நோவும் திருப்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்கிறார்கள். வித்தியாசம் வேறிடத்தில். இங்கே எலும்பு ஒட்டவேண்டும். ஸ்க்ரூ, கம்பி, பிளேட், எதைப் போட்டாலும் சிலருக்கு ஒட்டாமல் போகும், சிலருக்குப் போட்ட உலோகம் உரசித் திரும்ப எடுக்கவேண்டி வரும். பிளாஸ்டரும் கூடுதல் கிழமைகள். ஆனால் ஒட்டிக்கொண்டால், அசையும் இடத்தில் இருப்பது இயற்கையாக ஒன்றுக்கொன்று பொருந்திய மூட்டு. அதனால் இளையவர்களுக்கு இதையே விரும்புகிற நிபுணர்கள் பலர்.

முழுக்க ஒட்டுவது கடைசி வழி. முதல் வழியாகவும் சிலருக்கு அதுவே. ஆரையில் இருந்து நடுவிரலுக்கு நேரான உள்ளங்கை எலும்புவரை ஒரு பிளேட் போட்டு, 10, 15 பாகை பின்னோக்கி நிமிர்த்திய நிலையில் நிரந்தரமாக உறையவைத்துவிடுவார்கள். பிளேட் போட்டால் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டோருக்கு எலும்பு ஒட்டிவிடுகிறது. ஒட்டியபின் தேய்வதற்கு மூட்டே இல்லை, ஆகவே "எத்தனை வருடம்" என்ற கேள்விக்குச் சாகும்வரை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே முறை இது. நோவு போனதால் பிடி முன்னையதைவிடக் கூடும். உள்ளங்கையை மேலும் கீழும் புரட்டுவது மணிக்கட்டில் நடப்பதில்லை, முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையில் நடக்கிறது. அது போகாது, திறப்பும் திருப்பலாம், சோறும் வாய்க்குப் போகும். பிளேட் உறுத்தி எடுக்கவேண்டி வருவது மட்டும் அடிக்கடி நடக்கிறது.

அப்படியென்றால் எல்லோரும் இதையே செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். ஒட்டியவர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வுகளில், நோவு போனதில் சந்தோஷம் என்று சொல்பவர்களே, அசைவு திரும்பக் கிடைக்குமென்றால் நல்லது என்றும் சொல்கிறார்கள். இடுக்கான இடத்தில் கையை நுழைப்பதும், மலங்கழித்துக் கழுவுவதும் கஷ்டம். மேற்கு நாட்டார் இதை ஓர் ஓரக் குறிப்பாக எழுதுகிறார்கள். தண்ணீரும் இடது கையுமாக வாழ்கிற நமக்கு அது ஓரக் குறிப்பு இல்லை. இடது மணிக்கட்டை ஒட்டப்போகிறவர் வெட்கப்படாமல் முதலிலேயே வைத்தியரிடம் பேசவேண்டிய விஷயம், கோணத்தை அதற்கேற்ப யோசிக்கலாம். இரண்டு கையும் கெட்ட முடக்குவாதக்காரருக்கு ஒன்றை ஒட்டி மற்றதில் அசைவை வைக்கப் பார்ப்பதும் இதனால்தான்.

நாளாந்த வேலைக்கு மணிக்கட்டு எவ்வளவு வளையவேண்டும் என்று அளந்திருக்கிறார்கள். 1985இல் பால்மர் குழு 52 வேலைகளைச் செய்யவைத்து, முன்னால் 5 பாகையும் பின்னால் 30 பாகையும் போதும் என்றது. 1991இல் இன்னொரு குழு இரண்டு பக்கமும் 40 வேண்டும் என்றது. எந்த வேலையைக் கொடுத்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. நம்முடைய வேலைகள் வேறு. இடியப்ப உரலை அழுத்துவது, திருவலையில் தேங்காய் திருவுவது, தம்பலகாமத்து வயலில் மண்வெட்டி பிடிப்பது. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஐவேளை தொழுகிறவருக்குச் சுஜூதில் உள்ளங்கை தரையில் படிய மணிக்கட்டு 90 பாகைக்குக் கிட்டப் பின்னால் மடியவேண்டும். ஒட்டிய கைக்கு அது முடியாது, பாதி ஒட்டிய கைக்கும் முடியாது. வேறுவிதமாகக் கையை வைத்துத்தான் தொழவேண்டும்.

செயற்கை மூட்டு வைக்கலாமே என்றும் மாமா கேட்டார். முழங்காலுக்கு வைக்கிறார்கள், இதற்கு ஏன் கூடாது? மணிக்கட்டுக்கு முயற்சி தொடங்கியது இன்று நேற்றல்ல, 1890இலேயே பெர்லினில் குளூக் என்பவர் யானைத் தந்தத்தில் ஒரு மணிக்கட்டு வைத்துப் பார்த்தார். 1967இல் சுவான்சன் சிலிக்கோனில் செய்தார், வருடங்கள் போக அவற்றில் பல உடைந்தன, உதிர்ந்த துகள் மூட்டைப் புண்ணாக்கியது. பிறகு உலோகமும் பிளாஸ்டிக்கும். 1990களில் வந்த ஒரு வகையை முடக்குவாதக்காரருக்கு வைத்துப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான கணக்கில், 20இல் 10 மாற்றவேண்டி வந்திருந்தது. அதே வருடம் நோர்வே நாட்டுப் பதிவேடு பலவகை மூட்டுகளையும் சேர்த்து 5 வருடத்தில் 78 சதவீதம் நிற்கிறது என்றது. பிந்திய வகைகள் மேல், 9, 10 வருடத்தில் 90 சதவீதம் வரை சொல்லும் அறிக்கைகள் உண்டு. இடுப்பு மூட்டோ 10 வருடத்தில் 95ஐத் தொடுகிறது.

இந்தப் பதிவேடுகளில் "நிற்கிறது" என்றால் கழற்றவில்லை என்று மட்டுமே பொருள். தளர்ந்து நோகிற மூட்டோடு, இன்னொரு தடவை கத்தி வேண்டாம் என்று இருப்பவரும் அதில் நின்றவராகத்தான் எண்ணப்படுகிறார். தளர்வது பெரும்பாலும் கைப்பக்கத்துத் துண்டு, அங்கே ஆணி பிடிக்க எலும்பு அவ்வளவு இல்லை. கழற்றி ஒட்டலாம், ஆனால் தின்னப்பட்ட எலும்பை நிரப்ப இடுப்பிலிருந்தோ வேறெங்கிருந்தோ எலும்பு எடுக்கவேண்டும். அதைவிட, வைத்தபின் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே, கையை ஊன்றி எழும்பாதே என்பார்கள். பாரம் தூக்காத முதிய முடக்குவாதக்காரருக்கு, அதுவும் மற்றக் கை ஏற்கெனவே ஒட்டியிருந்தால், நல்ல தெரிவு. வருடாவருடம் சுமார் 260 கிலோமீட்டர் கொழும்புக்கு ஏறி இறங்கிக் காட்டவும் வேண்டிவரலாம். மீன் பெட்டி தூக்குகிறவருக்கு இது சரிவராது. மாமாவிடம் ஐந்து கிலோ என்று சொன்னபோது, "ஒரு சூரை மீன் வராதே" என்றார்.

நான் கடைசியாகப் புரிந்துகொண்டதை முதலில் புரிந்திருந்தால் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டேன். இந்த எண்களையெல்லாம் நாங்கள் நல்ல மணிக்கட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமாவிடம் நல்ல மணிக்கட்டு இல்லை. வைத்தியர் அளந்தபோது மேலும் கீழுமாக 30 பாகை கூட வரவில்லை. முழுக்க ஒட்டினாலும் அவர் கொடுக்கப்போவது அந்த 30ஐத்தான், பாதி ஒட்டினால் சிலவேளை இருப்பதைவிடக் கூடக் கிடைக்கலாம்.

விறைப்பு ஊசி போட்ட அன்று பின்னேரம் மாமா முற்றத்தில் வீச்சுவலையை எடுத்து ஒருதரம் எறிந்து பார்த்தார். கையைப் பின்னால் சாய்த்து, முன்னால் வீசிச் சுண்டுவிரல் பக்கம் முடிக்கிற அந்தச் சாய்வான அசைவு பெரும்பாலும் இரண்டு எலும்பு வரிசைக்கும் நடுவில்தான் நடக்கிறது, அவருக்குத் தேய்ந்துபோன அதே இடத்தில். வலை அரைவட்டமாக விழுந்தது. "நோவில்லை. ஆனா வலை விரியேல்லை" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வலையைச் சுருட்டி வைத்தார்.

அடுத்த கிளினிக்கில் நரம்பை மட்டும் வெட்டச் சொன்னார். எஞ்சின் கயிறு இழுக்கக் கை நோகாமல் இருந்தால் போதும், வீச்சுவலை மகன் எறிவான், நோவு திரும்பி வந்தால் பிறகு பிளேட் போடுவோம் என்பது அவருடைய கணக்கு. வைத்தியருக்கும் அது சரியென்றே பட்டது. பிளேட் போடும் நிலை வந்தால் அதற்கு முன் பீடியை விடவேண்டும், புகைக்கிறவருக்கு எலும்பு ஒட்டுவது பிந்தும் என்றார்.

"அப்ப நரம்பு வெட்டுறதுக்குப் பீடி பரவாயில்லையோ ஐயா?" என்று கேட்டார் மாமா.

வைத்தியர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கிளினிக் கொப்பியில் திகதியை எழுதினார்.